பகலில்லாத ஊரில் தமிழர்

மார்கழி மாதத்தில் நம் காஞ்சியில் பொழுது விடியுமுன்பே கோயில் மணி கேட்டுவிடும். அதே மாதத்தில் பொழுதே விடியாத ஊரும் உண்டு என்றால் நம்புவீர்களா? நார்வே தேசத்தின் வடகோடியில், ஃபின்மார்க் பிரதேசத்தில், பேரண்ட்ஸ் கடலோரம் இருக்கிறது போட்ஸ்ஃபியோர்டு. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டுகிறான். அந்தக் கடனை வட்டியோடு தீர்ப்பது போல், கோடையில் இரண்டு மாதம் அஸ்தமனமே கிடையாது.

ஜனத்தொகை சுமார் 2000. நம் பிள்ளையார்பாளையத்தின் சில தெருக்களில் அடங்கிவிடும். ஆனாலும் அது தனி முனிசிபாலிடி! அங்கே மனிதர் குடியிருக்கக் காரணம் மீன்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. முக்கியமாகப் பிடிபடுவது காட் மீன். சிறு வயதில் நம் மூக்கைப் பிடித்து எண்ணெய் புகட்டினார்களே, அதே மீன்தான்.

யாழ்ப்பாணம் குருநகர் ஆண்டனி ராஜேந்திரம் 1956-ல் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன்தொழில் கற்று, பிற்பாடு தம் மண்ணில் படகும் வலையும் செய்ய சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் போட்ட பாதையில் மற்ற வாலிபர்களும் போனார்கள். 1983 கலவரத்துக்குப் பின் போனவர்களோ படிப்பை மட்டும் நாடியா போனார்கள்? உயிர் தப்ப வேண்டியிருந்தது. வடக்கே மீன் ஆலைகளுக்கு ஆள் தேவை. உள்ளூர்ப் பிள்ளைகள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் தமிழர் நின்றார்கள்.

வேலை எப்படிப்பட்டது தெரியுமா? காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் மேலங்கி, கையில் மெல்லிய கத்தி. யந்திரம் அறுத்துத் தரும் மீன்துண்டம், அடியில் விளக்கெரியும் மேஜைக்கு வரும். அந்த வெளிச்சத்தில் முள்ளையும் புழுவையும் கண்டுபிடித்து நீக்க வேண்டும். சதை சிதையக் கூடாது. கையும் வேகமாக ஓட வேண்டும். விரல் விறைக்கும் குளிரில் நாள் முழுதும் நின்றபடியே வேலை. ஊரில் கணக்கும் விஞ்ஞானமும் படித்தவர்கள், மீன் வெட்டியே அறியாதவர்கள் பலர் இதைச் செய்தார்கள். கண்ணும் விரலும் சேர்ந்து உழைக்கும் தொழில் எதுவென்று காஞ்சிக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சம்பாதித்த பணத்தில் குடும்பத்தை வரவழைத்தார்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போயின. அந்தக் குழந்தைகளை மீன் மேஜைக்கு அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? பெரும்பாலோர் ஒஸ்லோவுக்குப் பெயர்ந்தார்கள். மூன்று வயதில் நார்வே வந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015-ல் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021-ல் பார்லிமெண்டுக்குத் தேர்வானார்.

குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்ய, பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். முன்பு வீட்டுப் பையனே அந்தக் கை. இன்று அவன் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு பஸ் ஏறுகிறான். தகப்பனார் தடுப்பதில்லை, தாமே டிபன் பெட்டியை எடுத்துக் கொடுக்கிறார்.

போட்ஸ்ஃபியோர்டு ஆலைகளில் விளக்கு மேஜைகள் இன்னும் எரிகின்றன. லிதுவேனியா போன்ற தேசங்களிலிருந்து வந்தவர்கள் இப்போது அவற்றின் முன் நிற்கிறார்கள்.