விற்பனைக்கு இல்லாத பொம்மை

சுனாமிகாவின் உயரம் ஒன்றரை அங்குலம். துணிப் பொம்மை. பொத்தேரி ஸ்டேஷன் பக்கம் இருக்கும் என் தையல் கடைக்கு வெள்ளைக் கோட்டு தைக்க வந்த மருத்துவ மாணவி ஒருத்தியின் பையில் தொங்கிக்கொண்டிருந்தாள். எங்கே வாங்கியது என்று கேட்டேன். “இது கடையில கிடைக்காதுக்கா, யாராவது கொடுத்தாத்தான் உண்டு. நீங்க வெச்சுக்கோங்க” என்று அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள்.

தையல்காரியின் கண்ணால் அதைப் பார்த்தேன். உருண்டைத் தலை, சிரித்த முகம், உடம்பெல்லாம் பிட்டுத்துணி. கடை மூடும்போது மெஷினுக்குக் கீழே கூட்டித் தள்ளுகிற துணியைவிடப் பெரிதில்லை. இவ்வளவு சின்ன உருப்படி மெஷினில் நிற்காது, கையூசிதான் போட வேண்டும். துணியை இரண்டு விரல்நுனியில் பிடித்து, பிசிறு வருகிற ஓரத்தை உள்ளே மடித்து, மூச்சைப் பிடித்துக் குத்த வேண்டும். நினைப்பு வேறு பக்கம் போனால் ஊசி விரலில் ஏறிவிடும். கையில் ஊசி இருக்கிற அந்த நேரத்துக்காவது மனசு வேறெங்கும் அலைய முடியாது. இந்தப் பொம்மையைத் தைத்த கடலோரத்துப் பெண்களுக்குச் சுனாமிக்குப் பிறகு அதுதான் தேவைப்பட்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோனது. ஆரோவில்லைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் படகும் வலையும் போயின. மீன் விற்றுக் குடும்பம் நடத்திய பெண்கள் கடலைப் பார்க்கவே பயந்து, வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்தும் உமா பிரஜாபதி, 2005இல் அவர்களை உட்காரவைத்து, தம் நிலையத்தில் மிஞ்சிய துணியைக் கொடுத்துப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஊசி பிடித்துப் பழகாத கைகள்தான் பெரும்பாலும். வட்டமாக உட்கார்ந்து தைக்கும்போது பேச்சு வரும், அழுகையும் வரும். நாலு பெண்கள் சேர்ந்து உட்காரும் எந்தத் தையல் வகுப்பிலும் இது நடக்கும்.

அவர்கள் செய்தது அலையையோ உடைந்த படகையோ அல்ல, சிரிக்கிற ஒரு சின்னப் பெண்ணை. கன்னியாகுமரியில் ஒரு கை அலையைத் தடுக்க, இன்னொரு கை விளக்கேந்தி நிற்கும் சுனாமி நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நாம் போய் நின்று வணங்க வேண்டும். சுனாமிகா நம்மைத் தேடி வருகிறாள். 80க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு, பல லட்சம் பொம்மைகள் இப்படிக் கை மாறிப் போயிருக்கின்றன.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது பணம் புழங்கிய விதம். தைத்த பெண்ணுக்குக் கூலி உண்டு, பொம்மைக்கு விலை கிடையாது. வாங்குகிறவர்கள் மனமிருந்தால் நன்கொடை தரலாம், அதில்தான் திட்டம் ஓடியது. பத்து ரூபாய் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் ‘எட்டுக்குத் தருவீங்களா?’ என்று பேரம் பேசியிருப்போம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தைத்த முகத்துக்குப் பேரம் பேசலாமா? விலை வைக்காதது மிகச் சரியான முடிவு.

அமெரிக்காவிலும் இப்படித் துணியில் ஒரு துக்கம் பேசியது. எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக, 1987 அக்டோபரில் வாஷிங்டன் திடலில் 1,920 துணி விரிப்புகளைப் பரப்பினார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி. ஒரு குழியின் அளவு. இறந்தவரின் சட்டையையும் ஜீன்ஸையும் அதில் வைத்துத் தைத்தவர்கள் உண்டு. நோயின் பெயரைச் சொல்லவே கூசிய காலத்தில், இறந்தவர்களின் பெயரை எழுத்தெழுத்தாகத் துணியில் தைத்தார்கள்.

எங்கள் பக்கத்திலோ, 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு முடிச்சூரில் வீட்டுக்கு வீடு வாசலில் சேறு தோய்ந்த சேலைகள் குவிந்து கிடந்தன. கல்யாணப் பட்டும் குழந்தைக்குத் தூளி கட்டிய சேலையும் குப்பை வண்டியில் போயின. அவற்றில் ஒரு முழம்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இந்தப் பக்கம் தண்ணீர் வருவது அதோடு முடிந்துவிடவில்லை. இனி ஒருமுறை அப்படி ஆனால், சேலையைத் தூக்கிப் போடுவதற்கு முன் முந்தானையில் ஒரு துண்டு கிழித்து அலசிக் காயவைத்து, என் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஊசியும் நூலும் நான் தருகிறேன். என்ன தைப்பது என்பதை உட்கார்ந்து பேசி நீங்களே முடிவு செய்யுங்கள்.