குட்டிகளின் கழிச்சல்: ஆன்டிபயாட்டிக்கின் இடத்தை அமினோ அமிலம் பிடிக்குமா?

கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் சேர்க்க, 2019 ஜனவரி 1 முதல் மலேசியா தடை விதித்தது. வேறு மருந்துகள் பலிக்காத நோயாளிகளுக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கொடுப்பது இதைத்தான். இதற்கும் அடங்காத கிருமிகள் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015இல் தெரியவந்தது.

தீவனத்திலிருந்து மருந்து போய்விட்டது. குட்டிகளின் கழிச்சல் போகவில்லை. அதனால்தான் இன்று அமினோ அமிலங்களைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. புரதம் செரிக்கும்போது கிடைக்கும் சிறு கூறுகளே இவை.

இதில் அதிகம் ஆராயப்பட்டது பன்றிக்குட்டி. பண்ணைகளில் மூன்று, நான்கு வாரங்களிலேயே பாலை மறக்கடிக்கிறார்கள். தாயைப் பிரிந்த குட்டி சரியாகத் தின்பதில்லை. சில நாள்களில், சத்தை இழுக்கும் குடல் உறிஞ்சிகள் குட்டையாகிவிடும். குடற்சுவரின் பிணைப்பும் தளரும். ஈ.கோலை கிருமிக்கு அது திறந்த கதவு.

இங்கே குளுட்டமின் குடற்சுவர் அணுக்களுக்கு எரிபொருளாகிறது. நம் சமையலறை அஜினோமோட்டோவில் உள்ள குளுட்டமேட்டுக்கு இது நெருங்கிய உறவு. குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்துக்குத் திரியோனின் நிறையத் தேவை. அது குறைந்தால் படலம் மெலியும். வேடிக்கை என்னவென்றால், ஆலைகளில் திரியோனினைத் தயாரித்துக் கொடுப்பதும் மாற்றியமைக்கப்பட்ட ஈ.கோலைதான்!

இன்னொரு பயனும் உண்டு. என் பார்வையில் இதுவே பெரியது. செரிக்காத புரதம் பெருங்குடலில் தீய கிருமிகளுக்குத் தீனியாகிறது. தேவையான அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்தால், தீவனத்தின் மொத்தப் புரதத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆடு வளர்க்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளர்ந்த ஆட்டுக்குச் சாதாரண அமினோ அமிலத் தூளைக் கொடுத்தால், முதல் வயிற்றின் நுண்ணுயிர்களே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். பால்குடிக் குட்டி அப்படியல்ல. அது குடிக்கும் பால் முதல் வயிற்றைத் தாண்டி நேராக நான்காம் வயிற்றுக்குப் போகிறது. எனவே, பால்மாவில் கலந்த லைசின், மெத்தியோனின் குட்டிக்குக் கிடைக்கும்.

ஆனால், கடையில் விற்கும் எந்தப் பொட்டலமும் சீம்பாலுக்கு ஈடாகாது. ஆடு, மாடு, பன்றி மூன்றிலும் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவில் இருக்கும் குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. சீம்பால் வழியாகவே சேர்கிறது. அதை அப்படியே உள்வாங்கும் திறன் குட்டியின் குடலுக்குப் பிறந்து ஏறத்தாழ 24 மணி நேரமே இருக்கும். 3 கிலோ ஆட்டுக்குட்டிக்கு முதல் நாளில் சுமார் 300 மில்லிலிட்டர் சீம்பால் வேண்டும். முதல் பங்கை ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

கழிச்சல் வந்துவிட்டால், முதலில் ஈடுகட்ட வேண்டியது நீரையும் உப்பையும்தான். கன்றுகளுக்கான உப்புக் கரைசல் பொட்டலங்கள் பலவற்றில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். குடல் சோடியத்தை உறிஞ்ச அது உதவுகிறது. ரத்தம் கலந்து போனாலோ, குட்டி எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாலோ கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.