டிராம் தண்டவாளமும் அம்பாசடரின் சஸ்பென்ஷனும்

அம்பாசடர் காரின் முன் சக்கரங்களைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல, நீளமான எஃகுத் தண்டு. அதற்கு டார்ஷன் பார் என்று பெயர். அதன் ஒரு முனை சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையோடும், மறுமுனை வண்டியின் அடித்தளத்தோடும் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் மேடேறும்போது தண்டு முறுக்கிக்கொள்ளும்; முறுக்கு அவிழும்போது சக்கரத்தைத் தரைக்குத் தள்ளும். பின்னால் லாரிகளில் உள்ளதுபோல லீஃப் ஸ்பிரிங் பட்டைகளும் அவற்றோடு பூட்டிய ஒற்றை அச்சும். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்த இந்த அமைப்பு, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாரா ஆலையில் 2014 வரை பெரிய மாறுதல் இல்லாமல் நீடித்தது.

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் போன்ற பகுதியில் இந்த வண்டிக்கு வரும் சோதனை வேகம் அல்ல, தரை. தாரில் பதிந்த டிராம் தண்டவாளத்தின் விளிம்பு ஓரிடத்தில் துருத்தி நிற்கும், ஓரிடத்தில் அமிழ்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் நனைந்த இரும்பின் மேல் டயருக்குப் பிடி மிகக் குறைவு. அதைச் சாய்வாகக் கடக்கும்போது ஒரு சக்கரம் நொடிப்பொழுது தரையை விட்டாலும் ஸ்டீயரிங் சொன்னபடி வண்டி திரும்பாது. ஆகவே நல்ல கையாளுமை என்பதற்கு இங்கே பொருள், நான்கு டயர்களும் தரையை விடாமல் இருப்பதுதான்.

இதற்காகப் பலரும் முதலில் ஸ்பிரிங்கை, அதாவது டார்ஷன் பாரை, விறைப்பாக்கத்தான் நினைப்பார்கள். தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும். வளைவில் வண்டி குறைவாகச் சாயும், உண்மை. ஆனால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் மொத்த எடை அதனால் பெரிதாகக் குறையாது. வளைவின் விசை, எடைமையத்தின் உயரம், இடவல சக்கரங்களுக்கு இடையிலான அகலம் ஆகிய மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. கரடுமுரடான சாலையில் விறைத்த ஸ்பிரிங் சக்கரத்தைத் துள்ள வைக்கும், பிடியும் போகும். தண்டின் பின்முனைப் பூட்டை மாற்றி வண்டியைத் தாழ்த்துவோரும் உண்டு. உயரம் குறையுமே தவிர, விறைப்பு கூடாது. சக்கரம் மேலேறுவதற்கான இடமும் சுருங்கும். டிராம் பாதையில் ஓடும் வண்டிக்கு இது வேண்டாத வேலை.

முதலில் பார்க்க வேண்டியது ஷாக் அப்சார்பரை. ஸ்பிரிங் ஆற்றலைச் சேமிக்கிறது. அதை எண்ணெயின் உராய்வில் வெப்பமாக்கிக் கரைப்பது ஷாக் அப்சார்பர்தான். பம்பரின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், வண்டி ஒருமுறை எழும்பி நிலைக்கு வந்து அடங்க வேண்டும். மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தாலோ உருளையின் மேல் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தாலோ ஷாக் அப்சார்பரின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்தவை ரப்பர் புஷ்கள். பழைய அம்பாசடர் டாக்ஸியில் இவை வெடித்து, சஸ்பென்ஷன் கைகளுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆட்டம் கொடுத்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே தெரியும் அந்தச் சோம்பலுக்கு இவையும் ஒரு காரணம். லீஃப் பட்டைகளின் முனைப் புஷ் தேய்ந்தால் பின்அச்சே லேசாகக் கோணி, ஓட்டுநர் கேட்காமலே வண்டியைத் திருப்பும்.

பழைய குறுக்கு இழை டயருக்குப் பதில் ரேடியல் போட்டால் பிடி கூடும். அந்தக் கூடுதல் விசையில் வண்டி முன்பைவிட அதிகம் சாயும் என்பதால், ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் சரியான பிறகே இந்த மாற்றம் பலன் தரும்.

இவற்றுக்குப் பிறகும் சாய்வு மிஞ்சினால் ஆன்டி-ரோல் பார் உதவும். இடவலச் சக்கரங்களை இணைக்கும் இந்தத் தண்டு, இரண்டும் ஒன்றாக ஏறும்போது வேலை செய்யாது. ஒன்று மட்டும் ஏறும்போது தடுக்கும். முன்பக்கம் தடிமன் கூட்டினால் வளைவில் முகம் வெளியே நழுவும். பின்பக்கம் கூட்டினால் வால் வெளியே போகும். சாதாரண ஓட்டுநருக்கு முதல்வகை நழுவலைச் சமாளிப்பது எளிது.

எதை மாற்றினாலும் கடைசி வேலை வீல் அலைன்மென்ட். முன்சக்கரங்களின் உள்நோக்கு அளவு சில மில்லிமீட்டர் தவறினாலே டயரின் ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும்.