சம்பள நாளில் காணாமல் போகும் கிளாஸ்

மாமா ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். மருமகள் ரொறன்ரோவில் கணினி படிக்கிறாள். மாதக் கடைசியில் மாமாவின் கணினியில் பிழை வந்தால், அந்தத் திரையின் படம் முதலில் போய்ச் சேருவது மருமகளின் கைபேசிக்குத்தான். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப்பில் அழைத்துப் பேச முடியாது, படம் அனுப்பலாம். அதிலும் பாதி வெட்டுப்பட்டிருக்கும். எங்கள் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பழகிப்போன காட்சி. அந்தப் படங்களில் அடிக்கடி தென்படும் ஒரு பிழையைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அதன் பெயர் ‘கிளாஸ் நொட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்’.

இது கணினிக்காரரின் தலைவலி மட்டுமல்ல. 2009 முதல் ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஊதியப் பாதுகாப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தொழிலாளர் சம்பளம் வங்கி அல்லது நாணயமாற்று நிலையம் வழியாகத்தான் போகவேண்டும். அதற்கென ‘எஸ்ஐஎஃப்’ என்ற கோப்பை நிறுவனம் தயாரித்து அனுப்பவேண்டும். தொழிலாளி ஒருவருக்கு ஒரு வரி, முடிவில் மொத்தத் தொகையோடு நிறுவனத்துக்கு ஒரு வரி. சிறிய நிறுவனங்கள் சிலவற்றில், எப்போதோ யாரோ ஜாவாவில் எழுதிவைத்த சிறு நிரல்தான் தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுத்து இந்தக் கோப்பைச் செய்கிறது. அது நின்றால் கோப்பு இல்லை. கோப்பு இல்லாவிட்டால் ஊருக்குப் பணம் போகாது.

ஜாவா நிரலுக்குத் தரவுத்தளத்தின் மொழி தெரியாது. அரபுப் படிவம் நிரப்பத் தெரியாத நாங்கள் டைப்பிங் சென்டருக்குப் போவதுபோல, அதுவும் இடையில் ஒருவரை வைத்துக்கொள்கிறது. அவர்தான் ட்ரைவர். மைஎஸ்கியூஎல், ஒரக்கிள், எஸ்கியூஎல் சேர்வர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ட்ரைவர் உண்டு. ஒவ்வொன்றும் ‘ஜார்’ என்ற கோப்பில் அடைக்கப்பட்டு வருகிறது. ஜாவாவோடு வருவது 1997 இல் சேர்க்கப்பட்ட ஜேடிபிசி என்ற பொது விதிமுறை மட்டுமே. ட்ரைவரை நாங்கள்தான் கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. நிரலுக்குள் ட்ரைவரின் பெயர் மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாகத்தான் நிற்கிறது. நிரலைத் தொகுக்கும்போது அப்படியொரு கிளாஸ் உண்மையில் இருக்கிறதா என்று ஜாவா பார்ப்பதில்லை. எல்லாம் சரி என்று சொல்லிவிடும். இயக்கும்போதுதான் தேடும், காணாவிட்டால் அப்போதுதான் கத்தும். எழுதியவரின் மடிக்கணினியில் நன்றாக ஓடியது அலுவலகத்தில் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்தப் பிழை வரும் நேரத்தில் நிரல் தரவுத்தளத்தின் வாசலைக்கூட மிதித்திருக்காது. கடவுச்சொல் சரியா, வலையமைப்பு வேலை செய்கிறதா, அட்டவணை பழுதா என்பதெல்லாம் அடுத்த கட்டம். ஆகவே இந்தப் பிழைக்காகத் தரவுத்தளத்தில் கைவைக்க எந்தத் தேவையும் இல்லை.

எங்களில் ஒருவர் வேலை செய்த கட்டுமான நிறுவனத்தில் இது தெரியாமல்தான் வினை வந்தது. பழைய கணினியை மாற்றினார்கள். நிரலின் ஜார் கோப்பை மட்டும் புதியதில் நகலெடுத்து வைத்தார்கள். சம்பள நாளில் கிளாஸ் இல்லை என்றது. தரவுத்தளம் கெட்டுவிட்டது என்று நினைத்த ஒருவர், போன மாதக் காப்புப் பிரதியை அதன்மேல் ஏற்றிவிட்டார். பிழை அப்படியே நின்றது. அந்த மாதம் பதிந்திருந்த மேலதிக வேலை நேரம் மட்டும் அழிந்துபோனது. கடைசியில் செய்யவேண்டியிருந்தது பழைய கணினியிலிருந்த ‘லிப்’ என்ற கோப்புறையைக் கொண்டுவந்து நிரலின் பக்கத்தில் வைப்பதுதான். நெட்பீன்ஸ் போன்ற கருவிகள் ட்ரைவரை அந்தக் கோப்புறையில்தான் போட்டுவைக்கும். அழிந்த நேரத்தை வேலைத்தளத்தின் காகித வரவுப் பதிவேட்டைப் பார்த்துத் திரும்பப் பதிய நாட்கள் எடுத்தன. பொடியங்கள் சிலருக்கு அந்த மாதம் ஓவர்டைம் காசு பிந்தித்தான் வந்தது.

கோப்பு இருந்தும் அதே பிழை வருவதுண்டு. ‘ஜாவா மைனஸ் ஜார்’ என்ற கட்டளையால் நிரலை இயக்கினால், நீங்கள் தனியாகக் கொடுக்கும் கிளாஸ்பாத் முழுவதையும் ஜாவா புறக்கணித்துவிடும். அந்த ஜாருக்குள் இருக்கும் ‘மேனிஃபெஸ்ட்’ கோப்பில் எழுதியிருக்கும் பாதையை மட்டுமே அது பார்க்கும். அனுபவசாலிகளே இதில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறோம். விண்டோஸில் பாதைகளைப் பிரிக்க அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி என்பதும் சேர்வர் மாறும்போது காலை வாரும். டொம்கற்றில் ஓடும் நிரலென்றால் ட்ரைவரை ‘வெப்-இன்ஃப்’ கோப்புறைக்குள் உள்ள ‘லிப்’பில் வைக்கலாம். இணைப்பை டொம்கற்றே பராமரிப்பதாக அமைத்திருந்தால் டொம்கற்றின் சொந்த ‘லிப்’பில்தான் வைக்கவேண்டும்.

சில வேளைகளில் கிளாஸின் பெயரே மாறியிருக்கும். எஸ்கியூஎல் சேர்வர் 2000 ட்ரைவரின் பெயரில் ‘ஜேடிபிசி’ முன்னால், ‘எஸ்கியூஎல்சேர்வர்’ பின்னால். 2005 இல் மைக்ரோசொஃப்ட் இரண்டையும் இடம் மாற்றிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மைஎஸ்கியூஎல் தனது 8.0 ட்ரைவரில் பெயரின் நடுவே ‘சிஜே’ என்று சேர்த்தது. புதிய ஜாரில் பழைய பெயரும் ஓர் எச்சரிக்கையோடு ஓடும். ஆனால் புதிய பெயரை எழுதிவிட்டு 5.1 ஜாரை வைத்தால் ஓடாது.

மிகவும் பாவப்பட்டவர்கள் அக்செஸ் கோப்பில் கணக்கு வைத்திருந்தவர்கள். அதனோடு பேச ஜாவாவுக்குள்ளேயே ஓடிபிசி பாலம் ஒன்று இருந்தது. 2014 இல் வந்த ஜாவா 8 அதை எடுத்துவிட்டது. அதுவரை ஓடிய நிரல், ஜாவாவைப் புதுப்பித்த அன்றே கிளாஸ் இல்லை என்றது. இதற்கு மாற்று யூகேன்அக்செஸ் என்ற இலவச ட்ரைவர். ஆனால் அதன் வழக்கமான ஜார் மட்டும் போதாது. ஜாக்செஸ், எச்எஸ்கியூஎல்டிபி போன்ற துணை ஜார்களும் வேண்டும். ஒன்றை வைத்தால் அடுத்த பெயர் காணவில்லை என்று வரும். பிழை மாறவில்லை என்று பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். பெயரைக் கவனித்துப் பாருங்கள். அது மாறியிருந்தால் நீங்கள் முன்னேறுகிறீர்கள்.

2006 இல் வந்த ஜாவா 6 முதல் ட்ரைவரின் பெயரை நிரலில் எழுதவே தேவையில்லை, ஜார் இருந்தால் ஜாவாவே கண்டுபிடித்துக்கொள்ளும். அப்படி எழுதப்பட்ட நிரலில் ஜார் இல்லாவிட்டால் ‘நோ சூட்டபிள் ட்ரைவர்’ என்று வரும். முகவரியை எழுதியதில் தவறு இருந்தாலும் அதே செய்திதான். ‘கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெய்லியர்’ என்று வந்தால் ட்ரைவர் கிடைத்துவிட்டது, இனித் தேடவேண்டியது வலையமைப்பை. ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்’ என்றால் கணினியிலுள்ள ஜாவாவை விட ஜார் புதியது.

மருமகளுக்குப் படம் அனுப்பும் மாமாமாருக்கு ஒரு வேண்டுகோள். திரையின் அடிப்பகுதியை மட்டும் எடுக்காதீர்கள். அவளுக்கு வேண்டியது முதல் வரியும், ‘கோஸ்ட் பை’ என்று தொடங்கும் வரிகளும். காணாமல் போன கிளாஸின் முழுப் பெயர் அங்கேதான் இருக்கும். கணினியில் எந்த ஜாவா இருக்கிறது, நிரலின் கோப்புறையில் என்னென்ன ஜார்கள் இருக்கின்றன என்பதையும் படமெடுத்து அனுப்புங்கள். அமைப்புக் கோப்பை அனுப்ப நேர்ந்தால் கடவுச்சொல் இருக்கும் வரியை விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள். அந்தத் தரவுத்தளத்தில் இருப்பவை தொழிலாளர்களின் கடவுச்சீட்டு இலக்கங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும்.