'நான் இருக்கேன்... நான் இருக்கேன்!'

ஆடி வெள்ளிக்கிழமை என்றால் படவேடு ரேணுகாம்பாள் கோவிலில் கூட்டம் அலைமோதும். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். "அப்பா, எங்க இருக்கீங்க?" "தேங்காய் கடைகிட்ட நிக்கிறேன், நீ அங்கேயே இரு!" என்று ஆளாளுக்குச் செல்போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால், உடனே 108க்குப் போன் போட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து செல்போன் டவர் படுத்துவிட்டால் என்ன ஆகும்?

நாம் பேசுவது காற்றிலேயே போய் அடுத்தவர் காதில் விழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். போனிலிருந்து அது காற்றுவழியே நேராகப் போவது பக்கத்து டவருக்குத்தான். அங்கிருந்து, மண்ணுக்கடியில் ஓடும் கண்ணாடி இழை கேபிள் வழியாகவோ, டவரில் மத்தளம் மாதிரி மாட்டியிருக்கும் வட்ட ஆன்டெனா வழியாகவோ பேச்சு கிளம்புகிறது. இந்த மத்தளத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதிரில் இருக்கும் இன்னொரு மத்தளம் நேருக்கு நேர் தெரிய வேண்டும். நடுவில் மலை வந்தால் அவ்வளவுதான்! அதனால்தான் மலைப்பகுதிகளில் உயரமான இடமாகத் தேடி டவர் வைக்கிறார்கள்.

எந்தப் பேச்சு எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்வது, டவரின் அடியில் உள்ள அலமாரியில் இருக்கும் 'ரூட்டர்' என்ற பெட்டி. நாலு ரோடு சந்திப்பில் நிற்கும் டிராபிக் போலீஸ்காரர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய டவருக்கு ஒரு ரூட்டர் போதும். ஆனால், சுற்றுவட்டார டவர்களின் பேச்சையெல்லாம் வாங்கி அனுப்பும் முக்கியமான டவரில் ரூட்டர் கெட்டால், ஊர் ஊராகப் போன் ஊமையாகிவிடும். எனவே, அங்கே இரண்டு ரூட்டர்கள் வைப்பார்கள்.

"ஒண்ணு வேலை செய்யும்போது இன்னொண்ணு சும்மாதானே இருக்கும்?" என்று கேட்பீர்கள். சும்மா இல்லை, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்! முதல் ரூட்டர், 'நான் இருக்கேன்... நான் இருக்கேன்' என்று இடைவிடாமல் செய்தி அனுப்பியபடி இருக்கும். பரவலாக உள்ள ஒரு முறையில் வினாடிக்கு ஒரு செய்தி. வரிசையாக மூன்று செய்திகள் வரவில்லை என்றால், 'சரி, அண்ணன் விழுந்துட்டார்' என்று துணை ரூட்டர் தானே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். எல்லாம் நாலு வினாடிக்குள்! இதைவிட வேகமான முறைகளும் உண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரே முகவரி இருப்பதால், ஆள் மாறியது மற்ற கருவிகளுக்குத் தெரியவே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் வரும். இரண்டு ரூட்டரும் நன்றாக இருக்கிறது, நடுவில் உள்ள கேபிள் மட்டும் கழன்றுவிட்டது. என்ன ஆகும்? 'அண்ணன் விழுந்துட்டார்' என்று தம்பியும் கிளம்பிவிடுவார். ஒரே வகுப்பில் இரண்டு லீடர்கள்! குழப்பம்தான். இதைத் தவிர்க்க, ரூட்டர்களுக்கு நடுவிலும் இரண்டு கேபிள்கள் போடுவார்கள்.

இரண்டு பெட்டி வாங்கி வைத்துவிட்டால் போதுமா? போதாது. இரண்டையும் ஒரே மின் இணைப்பில் சொருகினால், பியூஸ் போகும்போது இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். அதனால் தனித்தனி இணைப்பு. ரூட்டர்களுக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் பேட்டரிகள் பக்கத்திலேயே இருக்கும். கரன்ட் போனாலும் ரூட்டர் அணையாது. பேட்டரி தீர்வதற்குள் டீசல் ஜெனரேட்டர் கைகொடுக்கும். அதேபோல, இரண்டு கேபிள்களையும் ஒரே பள்ளத்தில் புதைத்தால், ரோடு போட வரும் ஜே.சி.பி. ஒரே வாரில் இரண்டையும் அறுத்துவிடும்!

கடலுக்கடியில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. 2008, ஜனவரி 30ல், எகிப்தின் அலெக்சாண்டிரியா நகருக்கு அருகே கடலில் இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தன. அதில் ஒன்று சென்னைக்கும் வருவது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று நம்பியிருந்தவர்கள் தவித்தனர். இந்தியாவில் இன்டர்நெட் ஆமை வேகத்துக்கு இறங்கியது. கிழக்கே சிங்கப்பூர், ஜப்பான் பக்கமாகவும் வழி வைத்திருந்த நிறுவனங்கள் ஓரளவு சமாளித்தன. 

இயற்கை சில சமயம் எல்லா ஏற்பாட்டையும் தாண்டிவிடும். 2016, டிசம்பர் 12ல் 'வர்தா' புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது, மரங்கள் விழுந்து கேபிள்கள் அறுந்தன, மின்சாரமும் இல்லை. போன் பேச முடியாமல் மக்கள் திண்டாடினர்.

பராமரிப்பு வேலை இன்னும் சுவாரசியம். துணை ரூட்டர் நிஜமாகவே கைகொடுக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் ரூட்டரை வேண்டுமென்றே அணைத்துப் பார்ப்பார்கள்! ஊரே தூங்கும் நடுராத்திரியில்தான் இந்தச் சோதனை. திருவிழா வரப்போகிறது என்றால், அதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஒன்றில் புதிய ஏற்பாடு செய்தால், மறக்காமல் மற்றொன்றிலும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால், பொறுப்பு கைமாறும்போது பழைய வழியையே பிடித்துக்கொண்டு நிற்கும். மின்விசிறியில் தூசு அடைத்தாலும் பெட்டி சூடாகிப் படுத்துவிடும். எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ரோட்டோர டவரை நிமிர்ந்து பாருங்கள். எத்தனை மத்தளங்கள்? ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்க்கிறது? அந்தத் திசையில் தேடினால், தொலைவில் இன்னொரு டவர் கண்ணில் படலாம். ஆனால், வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள். உள்ளே இருப்பது பேட்டரியும் மின்சாரமும்!