பெரிய கடை படுத்தால் பெட்டிக்கடை என்ன ஆகும்?

வானம் பார்த்த பூமியின் பழைய பேட்டைகளும், சென்னை ஸ்பென்சர் பிளாசாவும் சொல்லும் பாடம்

பெரிய கடை ஒன்று வியாபாரம் இல்லாமல் படுத்துவிட்டால், நஷ்டம் அதன் முதலாளிக்கு மட்டும்தானா?

இல்லை. பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் நஷ்டம். வாசலில் பூ விற்கும் பாட்டிக்கும் நஷ்டம். ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் நஷ்டம். பார்க்கப் போனால் இவர்களுக்குத்தான் அடி பலமாக விழும். பெரிய முதலாளி வேறு ஊரில் வேறு கடை திறப்பார். பூ விற்கும் பாட்டி எங்கே போவார்?

ஒரு சேலை, பல கடை

திருச்சுழியில் இருந்து அருப்புக்கோட்டை சுமார் 15 கிலோமீட்டர். கல்யாணச் சேலை எடுக்க ஒரு குடும்பம் பஸ் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தேடி வருவது ஜவுளிக்கடையை. ஆனால், பணம் அங்கே மட்டுமா போகிறது?

பஸ்சை விட்டு இறங்கியதும் டீ. சேலை எடுத்த பிறகு ரவிக்கை தைக்கத் தையல்காரர். சேலைக்குப் பொருத்தமாக வளையல். மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு. குழந்தை அழுதால் ஒரு பொம்மை. பஸ் ஏறும்போது இரண்டு முழம் பூ, வீட்டுக்கு ஒரு பொட்டலம் பலகாரம்.

அழைத்தவர் ஒருவர். விருந்து வைத்தவர்களோ பலர்! பெரிய கடைக்கும் சிறிய கடைக்கும் உள்ள உறவு இதுதான். பெரிய கடை கூட்டத்தை இழுக்கிறது. சிறிய கடைகள் அந்தக் கூட்டத்தில் பிழைக்கின்றன.

கூட்டம் நின்றுவிட்டால்?

மவுண்ட் ரோடு அரண்மனை

அதற்கு நல்ல உதாரணம் சென்னையில் இருக்கிறது. அதுதான் ஸ்பென்சர்.

ஸ்பென்சர் கடை 1863-ம் ஆண்டு தொடங்கியது. ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர், சார்லஸ் டூரண்ட் என்பவருடன் சேர்ந்து ஆரம்பித்தார். பிறகு மவுண்ட் ரோட்டில் அரண்மனை போன்ற சிவப்புக் கட்டடத்தில் அந்தக் கடை நடந்தது. துரைமார்களும் ராஜாக்களும் சாமான் வாங்கிய இடம் அது. 1983-ம் ஆண்டு தீ விபத்தில் அந்தக் கட்டடம் எரிந்து போயிற்று.

அதே இடத்தில் புதிதாக எழுந்ததுதான் ஸ்பென்சர் பிளாசா. முதல் பகுதி 1991-ல் திறக்கப்பட்டது. பிறகு இரண்டாவது பகுதி, மூன்றாவது பகுதி என்று வளர்ந்தது. மொத்தம் சுமார் 10 லட்சம் சதுர அடி!

ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான கடைகள். உள்ளே குளிர்ந்த காற்று. நகரும் படிக்கட்டு. வெளியூர்க்காரர்கள் சென்னைக்குப் போனால் மெரினா கடற்கரையைப் பார்ப்பது போல ஸ்பென்சரையும் பார்த்துவிட்டு வந்த காலம் அது. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் காஷ்மீர் சால்வையும் கைவினைப் பொருளும் வாங்கினார்கள். புத்தகப் பிரியர்களுக்கு 'லேண்ட்மார்க்', பாட்டுப் பிரியர்களுக்கு 'மியூசிக் வேர்ல்டு' என்று பெயர் பெற்ற கடைகளும் இருந்தன.

இன்று அந்த இரண்டு கடைகளும் அங்கே இல்லை. ஸ்பென்சர் மூடப்படவில்லை. ஆனால், பழைய கூட்டமும் இல்லை. பூட்டிய கடைகளைத் தாண்டித்தான் திறந்த கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

கூட்டம் ஏன் திரும்பியது?

காரணம் மூன்று.

முதல் காரணம், புதிய போட்டி. 2006-ல் சிட்டி சென்டர் வந்தது. 2009-ல் ஆம்பா ஸ்கைவாக். 2010-ல் மிக அருகிலேயே, ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ. 2013-ல் வேளச்சேரியில் பீனிக்ஸ். புதிய இடங்களில் சினிமாவும் உண்டு, சாப்பாடும் உண்டு, விளையாட்டும் உண்டு. இளைஞர் கூட்டம் அங்கே போய்விட்டது.

இரண்டாவது காரணம், சாலை. அண்ணா சாலையில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. வாகனங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. 2019 பிப்ரவரியில் அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால், அதற்குள் ஜனங்கள் வேறு கடைகளுக்குப் பழகிவிட்டார்கள். வாடிக்கை என்பது அப்படித்தான். போவது சுலபம், திரும்புவது கஷ்டம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. ஸ்பென்சர் பிளாசாவில் பல கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டன. ஆகவே, கட்டடத்துக்கு ஒரு சொந்தக்காரர் இல்லை, பல சொந்தக்காரர்கள். எந்தக் கடையை எங்கே வைப்பது? பழுதை யார் பார்ப்பது? கூட்டத்தை இழுக்கப் பணம் போடுவது யார்? ஒருவர் சரி என்றால் இன்னொருவரும் சரி என்று சொல்ல வேண்டுமே! புதிய வணிக வளாகங்களில் பெரும்பாலும் கடைகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறார்கள். முடிவு எடுப்பது ஒரே நிர்வாகம்.

யாருக்கு அடி? யாருக்குத் தப்பு?

இப்படிக் கூட்டம் குறையும்போது அக்கம்பக்கத்துக் கடைகள் எல்லாம் ஒன்றுபோல அடிபடுவதில்லை. இதைக் கவனிக்க வேண்டும்.

காலியான இடங்களுக்கு அலுவலகங்கள் வரும். ஸ்பென்சரின் மாடிகளிலும் அலுவலகங்கள் நடக்கின்றன. அலுவலகத்தில் வேலை செய்கிறவர் டீ குடிப்பார், மத்தியானம் சாப்பிடுவார். எனவே டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும் தப்பித்துக்கொள்ளும். ஆனால், அவர் தினமும் வளையல் வாங்குவாரா? பொம்மை வாங்குவாரா? சாமான் மூட்டையோடு ஆட்டோவைக் கூப்பிடுவாரா? மாட்டார். ஆகவே ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நம்பிய வியாபாரம் முதலில் விழும். அன்றாடப் பசியை நம்பிய வியாபாரம் கடைசி வரை நிற்கும்.

அமெரிக்காவிலும் இதே கதை

நாலு பக்கமும் மூடிய நவீன வணிக வளாகம் பிறந்த நாடு அமெரிக்கா. மின்னசோட்டா மாநிலத்தில் 'சவுத்டேல்' என்ற வளாகம் 1956-ல் திறக்கப்பட்டது. மற்ற வளாகங்களுக்கு எல்லாம் அதுதான் மூத்த அண்ணன்.

ஓகையோ மாநிலத்தில் நார்த் ராண்டல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1976-ல் 'ராண்டல் பார்க்' என்ற பிரமாண்டமான வளாகம் வந்தது. சுற்று வட்டாரமே அதை நம்பி வளர்ந்தது. பிறகு கூட்டம் தேய்ந்தது. 2009-ல் வளாகம் மூடப்பட்டது. கட்டடமும் இடிக்கப்பட்டது.

அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது தெரியுமா? அமேசான் நிறுவனத்தின் கிடங்கு! 2018-ல் திறந்தார்கள். ஜனங்களைக் கடைக்கு வரவிடாமல் செய்த வியாபாரமே, செத்துப்போன கடையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊருக்கு வேலை திரும்பி வந்தது. ஆனால், கிடங்கைத் தேடி எந்தக் குடும்பமும் சாமான் வாங்க வருவதில்லை.

மாட்டு வண்டி தங்கிய பேட்டை

இது சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும் உள்ள கதை என்று நினைக்க வேண்டாம். அருப்புக்கோட்டைச் சீமை இதை எப்போதோ பார்த்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே இருந்து நாடார் வியாபாரிகள் மாட்டு வண்டிகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கருப்பட்டி, உப்பு, கருவாடு முதலிய சரக்குகள். வழியெல்லாம் கொள்ளைப் பயம். இரவில் எங்கே தங்குவது?

அதற்குத்தான் பேட்டைகளைக் கட்டினார்கள். பேட்டை என்றால் சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய வளாகம். வண்டியை உள்ளே விட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டி, சரக்கைப் பத்திரமாக வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அங்கேயே வியாபாரமும் நடக்கும். அந்தக் காலத்து வணிக வளாகம் என்றே சொல்லலாம்! சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இப்படி வளர்ந்தவை.

வண்டி நின்ற இடத்தில் பல தொழில்கள் பிழைத்தன. மாட்டுக்கு லாடம் அடிப்பவர், சக்கரம் செப்பனிடும் ஆசாரி, வைக்கோலும் பிண்ணாக்கும் விற்பவர், சோற்றுக்கடைக்காரர் என்று அது ஒரு பெரிய குடும்பம்.

பிறகு காலம் மாறியது. வழிப்பயம் குறைந்தது. ரயில் வந்தது, லாரி வந்தது. ராத்திரி தங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பேட்டையின் வேலை முடிந்தது. லாடம் அடித்த கையும் ஓய்ந்தது.

ரயில் வந்தது, பக்கத்து ஊருக்கு!

மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை 1876-ல் திறக்கப்பட்டது. அது விருதுநகர் வழியாகப் போயிற்று. விருதுநகரின் வியாபாரம் ஓங்கியது. இன்றைக்கும் பருப்பு, மிளகாய் வற்றல், எண்ணெய் என்றால் விருதுநகர் மார்க்கெட் விலைக்கு ஒரு மதிப்பு உண்டு.

அருப்புக்கோட்டைக்கு ரயில் எப்போது வந்தது? 1963-ல்! 87 ஆண்டுகள் பக்கத்து ஊருக்குப் பின்னால்.

அப்படியானால் அருப்புக்கோட்டை பாழாகிவிட்டதா? இல்லை. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, தறி. இது நெசவாளர் ஊர். வெளியூர்க் கூட்டம் குறைந்தாலும் ஊருக்குள்ளேயே உழைப்பும் கூலியும் இருந்தன. பின்னால் நூற்பாலைகளும் வந்தன. கூலி வாங்கியவர் உள்ளூர்க் கடையில்தான் அரிசி வாங்கினார்.

இன்னொன்று, மகமை.

மகமை செய்த காரியம்

மகமை என்பது வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி. ஒவ்வொருவரும் வரும்படியில் ஒரு சிறு பங்கை உறவின்முறைப் பொதுப்பணத்தில் சேர்த்தார்கள். அந்தப் பணம் பேட்டையைப் பராமரித்தது. கிணறு வெட்டியது. கோயில் கட்டியது. கடைசியில் பள்ளிக்கூடமும் கட்டியது.

விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889-ல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி கொடுத்து நடத்திய பள்ளிக்கூடம் அது. கர்மவீரர் காமராஜர் படித்தது அங்கேதான். அருப்புக்கோட்டையிலும் உறவின்முறையார் சைவ பானு சத்திரியப் பள்ளிகளை நடத்தினார்கள். 1970-ல் அதே பெயரில் கல்லூரியும் வந்தது.

பேட்டைக்கு வந்த வண்டிகள் நின்று போயின. ஆனால், பேட்டையில் சேர்ந்த காசு பிள்ளைகளின் படிப்பாக மாறிவிட்டது. வெளியூரில் இருந்து வந்து படிக்கும் மாணவர்கள் டீ குடிக்கிறார்கள், நோட்டுப் புத்தகம் வாங்குகிறார்கள், வாடகைக்குத் தங்குகிறார்கள். வண்டிக் கூட்டம் போன இடத்தில் மாணவர் கூட்டம்!

ஸ்பென்சர் பிளாசாவில் இல்லாதது இதுதான். அங்கே சொந்தக்காரர்கள் பலர் இருந்தும் பலமான பொதுக்கை இல்லை. பேட்டையிலும் வியாபாரிகள் பலர்தான். ஆனால், அங்கே உண்டியல் ஒன்று.

இன்றைய சோதனை

இன்று அருப்புக்கோட்டைக் கடைவீதிக்குப் புதிய சோதனை வந்திருக்கிறது. மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலை ஊரை விட்டு விலகிப் போகிறது. மதுரை 50 கிலோமீட்டர் தூரம்தான். அங்கே பெரிய வணிக வளாகங்கள் இருக்கின்றன. கையில் இருக்கும் செல்போனிலோ உலகத்துக் கடையெல்லாம் திறந்திருக்கிறது. மழை பொய்த்த வருடத்தில் கிராமத்துக் குடும்பங்கள் கடைக்கு வருவதும் குறைகிறது.

செல்போனில் வாங்கிய சேலை வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அதோடு டீக்கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் பூக்காரருக்கும் போக வேண்டிய பணம் வருவதில்லை. மலிவாக வாங்குவது தப்பில்லை. ஆனால், பண்டிகைக்குக் கடன் கொடுப்பதும், அவசரத்துக்குக் கை கொடுப்பதும் உள்ளூர்க் கடைக்காரர்தான். அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் கடமை உண்டு. நிழலுக்கு ஒரு பந்தல், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடம், வண்டி நிறுத்த இடம். ஒரு கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாத காரியங்கள் இவை. கடைவீதி முழுவதும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடியும். எப்படி என்று வெளியூரில் போய்க் கற்க வேண்டியதில்லை. தாத்தாக்களின் மகமைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் போதும்.