கடைசி எழுத்து ஏன் சிவக்கிறது?

“எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடை போர்டில் முதல் எழுத்து பளிச்சென்று வெள்ளை; கடைசி எழுத்து மட்டும் ஆரஞ்சு. மட்டமான எல்.இ.டி. போட்டுவிட்டார்களா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். சரக்கு நல்ல சரக்காகவே இருக்கலாம். நேரம்தான் போதாமல் போயிருக்கும்.

திறப்பு விழாவுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டால் அது நகராது. தச்சு வேலை, பெயிண்ட், ஏ.சி. எல்லாம் இழுத்தடித்தபின் மிஞ்சும் ஓரிரவுதான் போர்டு மாட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும். பட்டறையில் ஒவ்வொரு எழுத்தாக எரியவிட்டுப் பார்த்தபோது எல்லாம் ஒரே வெள்ளைதான். முகப்பில் ஏறியதும், எழுத்துகளுக்குள் ஓடும் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு ரோலுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் இழுக்க நேரமில்லை. ஒன்றின் வாலில் அடுத்ததைப் பற்றவைத்துவிடுகிறார்கள். கோளாறு அங்கே பிறக்கிறது.

நிறம் மாறும் ஸ்ட்ரிப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்துதான் வெள்ளை. சாதாரண 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு நிறத்திலும் மும்மூன்று சில்லுகள் தொடர் இணைப்பில், கூடவே ஒரு மின்தடை. சிவப்புச் சில்லு ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட், மூன்றுக்கு 6. நீலம் மூன்றுக்கு ஏறக்குறைய 9.5. மீதி வோல்ட் மின்தடையில் விழும். எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பதை அந்த மீதிதான் தீர்மானிக்கிறது. சிவப்புக்கு மீதி 6, நீலத்துக்கு 2.5.

கடைசி முனைக்கு 10 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வையுங்கள். சிவப்பின் மீதி 4 ஆகிறது. மூன்றில் இரண்டு பங்கு ஒளி நிற்கும். நீலத்தின் மீதியோ வெறும் அரை வோல்ட். ஐந்தில் ஒரு பங்கு! பச்சையும் நீலத்தின் கட்சிதான். நிஜத்தில் சரிவு இத்தனை செங்குத்தாக இராது, ஆனாலும் போக்கு இதுவே. பச்சையும் நீலமும் சுருண்டபின் சிவப்பு தானாகவே ஓங்கித் தெரிகிறது.

அந்த 2 வோல்ட் எங்கே போயிற்று? மீட்டருக்கு 60 விளக்குள்ள ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட் கேட்கும். 5 மீட்டர் ரோலுக்கு 72 வாட், அதாவது 6 ஆம்பியர். பவர் சப்ளை 10 மீட்டர் தள்ளி இருந்து, 1 சதுர மி.மீ. வயர் போட்டால் கணக்குப்படி 2 வோல்ட் வழியிலேயே தொலையும். இதே 72 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு 0.1 வோல்ட்தான், யார் கண்ணிலும் படாது. வீட்டு வயரிங்கில் கைதேர்ந்த எலெக்ட்ரீஷியனும் இங்கே சறுக்குவது இதனால்தான். ஸ்ட்ரிப்புக்குள் ஓடும் மெல்லிய செப்புத் தடமும் தன் பங்குக்குத் தின்னும்.

இதை ஒரு பந்தியாக நினைத்துப் பாருங்கள். ஒரே ஆள் ஒரே வாளியோடு ஒரு முனையிலிருந்து சாம்பார் ஊற்றி வருகிறார். வேகமாக நடக்க நடக்க வழியெல்லாம் சிந்துகிறது. கடைசி வரிசையில் சிவப்பு அடக்கமான ஆள். ஆறு கரண்டி விழுந்ததும் சாப்பிடத் தொடங்கிவிடுவார். நீலம் பெரிய இடத்து மாப்பிள்ளை. ஒன்பதரைக் கரண்டி விழும்வரை இலையில் கையே வைக்கமாட்டார். பத்தோடு வாளி காலியானால் மாப்பிள்ளை முகம் கறுக்கத்தானே செய்யும்? எதிர்முனையிலிருந்தும் ஒருவர் வாளியோடு கிளம்ப வேண்டும். ஸ்ட்ரிப்பின் இரு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் பாதி ஓட்டம், பாதி தூரம்; தடத்தில் அதிகபட்ச இழப்பு கிட்டத்தட்ட கால் பங்காகிவிடும். அல்லது சாம்பாரைக் கெட்டியாக வைத்து அரை வாளியில் அனுப்பலாம். அதுதான் 24 வோல்ட் ஸ்ட்ரிப்: அதே வெளிச்சத்துக்குப் பாதி ஆம்பியர். இதற்கு மேல் இழுத்தால் இலை கிழியும்.

பழைய நியான் போர்டில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரே வாயுப் பாதையில் ஒரே மின்னோட்டம் ஓடுவதால் முனைக்கு முனை ஒரே ஒளி. ஆனால் ஆயிரக்கணக்கில் வோல்ட்டும், கண்ணாடியைச் சூடாக்கி வளைக்கத் தெரிந்த கையும் வேண்டும்.

பெட்டிமேல் அச்சடித்த ‘50,000 மணி நேர ஆயுள்’ வேறு இருக்கிறது. பெரும்பாலும் அது சில்லின் ஒளி 70 சதவீதத்துக்கு இறங்கும் காலத்தின் கணிப்பு. பவர் சப்ளைக்கு அதில் இடமில்லை. வெயிலில் வேகும் ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டுத்) தகட்டுக்குப் பின்னால் அடைபட்ட பவர் சப்ளையின் மின்தேக்கிக்கு, 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. முதலில் போவது அதுதான். அவசரத்தில் பவர் சப்ளையைக் கைக்கெட்டாத மூலையில் வைத்து மூடிவிட்டால், மாற்றுவதற்கு முகப்பையே பிரிக்க வேண்டும்.